தட்டச்சுக்காரி

ஜனவரி 9, செவ்வாய்

இந்த டைரியைப் பாரீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவள் என் நாத்தனார் ஜெர்மேன். கொடுத்த டைரியில் கொடுத்தவளைப் பற்றியே எழுதுவது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். தாள் நன்றாக இருக்கிறது, மை ஊறவில்லை. எழுதலாம்.

ஒவ்வொரு ஜனவரியும் வருவாள். ஆறு வாரம் இருப்பாள். புதுச்சேரி கெட்டுப்போய்விட்டது என்று தினமும் ஒருமுறை சொல்வாள். மாடி அறை அவளுக்கு. இன்று காலை வெந்நீர் வரவில்லை என்றாள், ஹீட்டரைத் தட்டிக்கொடுத்து வரவழைத்தேன். பிறகு கொசு என்றாள். பாரீசில் கொசுவே கிடையாதாம். கொசுவுக்கு நான் எங்கே போய் மனுப் போடுவது என்று தெரியவில்லை.

வஞ்சிரம் நன்றாக இல்லை, சங்கரா வாங்கினேன். அவருக்குப் பிரஷர் மாத்திரை வியாழனோடு தீர்கிறது.

ஜனவரி 11, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது அவர் போனை நீட்டினார். அவர் என்றால் என் கணவர் அமலோர். சர்வே துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். பக்கத்து மனைக்காரன் வேலியை அரை அடி தள்ளிப் போட்டிருந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

போனில் ஒரு படம். நம் ஊர் பாரம்பரியக் கழகத்தின் செயலாளர் பேராசிரியர் வைகுந்தன் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். ஒதேத் பெர்வால் என்ற பிரெஞ்சு ஓவியர் 1979இல் இங்கே தங்கியிருந்தபோது செய்த கல்லச்சுப் படம், ஒரு பெண்ணின் முகம். அந்த அம்மாள் போன வருஷம் தொண்ணூறு வயதில் காலமாகிவிட்டாராம். மகள் படங்களைக் கண்காட்சிக்குத் தருகிறாளாம். 'இந்தப் பெண் யார்? அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்று பேராசிரியர் கேட்டிருந்தார்.

படம் முழுக்கக் கறுப்பு. கட்டிக் கரியை எடுத்து ஆத்திரத்தில் இழுத்ததுபோலக் கோடுகள். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, கண்கள் இடுங்கியிருக்கின்றன, வாய் கடைவாய்ப்பல் தெரியத் திறந்திருக்கிறது. வலது கண்ணுக்குக் கீழே மச்சம். முந்தானையும் வலது தோளில். அடியில் பென்சிலால் 'லா தாக்திலோ' என்று எழுதியிருக்கிறது. தட்டச்சுக்காரி.

"பிசாசு மாரி இருக்கா," என்றாள் ஜெர்மேன், மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே.

"பல்லு வலியா இருக்கும்," என்றார் அவர்.

நான் குழம்பு ஊற்றினேன். கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது.

"ஏ எஸ் டி எஃப்," என்றார் அவர். அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள்.

இந்த ஏ எஸ் டி எஃப் என்னவென்று எழுதி வைக்க வேண்டும். எனக்குக் கல்யாணமான புதிதில், வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் டைப்பிங் படித்தாக வேண்டும் என்று மாமனார் உத்தரவு போட்டார். ஜெர்மேன் காலையில் போனாள். லோயர், ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. நான் மத்தியானம் போனேன். மூன்று மாதம் போய்விட்டு லோயரிலேயே ஃபெயில். டைப்பிங்கில் முதல் பாடம் ஏ எஸ் டி எஃப். அதைத் தாண்டி எனக்கு ஏறவில்லையாம். அன்றிலிருந்து இந்த வீட்டில் பால் பொங்கினால் ஏ எஸ் டி எஃப், தட்டு உடைந்தால் ஏ எஸ் டி எஃப். மாமியார் கண்ணை மூடுகிற வரைக்கும் சொன்னார். நாற்பத்தைந்து வருஷத்தில் வீட்டுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது, ஜோக் மட்டும் பழையதேதான்.

பாத்திரம் கழுவும்போது ஒரே தட்டை இரண்டு தடவை தேய்த்தேன். வயசு.

ஜனவரி 12, வெள்ளி

மாத்திரை வாங்கியாயிற்று. அவர் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தடவை. சரி, மூன்று.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் வடையோடு பேராசிரியர் வைகுந்தனும் வந்தார். அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் உரையாற்றுவார். எங்கள் ஹாலிலும் நின்றுகொண்டே ஆற்றினார்.

"அந்தத் திறந்த வாய் காலனிய வேதனையின் அலறல். வலது தோள் முந்தானை இருக்கே, அது ஒரு கலகம். இடது தோள் என்கிற மரபையே அவள் மறுதலிக்கிறாள்."

பேராசிரியர் வடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்காட்சி பிப்ரவரி பத்தாம் தேதியாம். ஓவியரின் மகள் கோரலி பிரான்சிலிருந்து வருகிறாளாம். படத்தில் இருக்கும் பெண் உயிரோடு இருந்தால் அவளுக்கென்று ஒரு பிரதியைக் கையோடு கொண்டுவந்து மேடையில் கொடுக்கப் போகிறாளாம். படத்துக்குக் கீழேயும் புத்தகத்திலும் அந்தப் பெண்ணின் பெயர் அச்சாகுமாம். மற்ற பிரதிகள் அங்கே ஒரு மியூசியத்துக்குப் போய்விட்டனவாம்.

மியூசியம் என்றதும் ஜெர்மேன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குக்கூட வலது பக்கந்தான் மச்சம்," என்றாள்.

இருக்கிறது. ஆனால் உதட்டோரத்தில்.

"கலையில் மச்சம் நகரும், மதாம்," என்றார் பேராசிரியர். "சரி, தட்டச்சுக்காரி என்று ஏன் எழுதினாங்க?"

"நான் டைப்பிஸ்டாத்தான் இருந்தேன். ரெண்டு வருஷம், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல."

பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். ஜெர்மேன் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு நாளைக்கு முன்னால் பிசாசு என்று சொன்ன வாய் அது.

என் கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் வடைத் தட்டோடு அவருக்கு நேர் எதிரே நின்றேன். தட்டு என் இடுப்புக்குத்தான் வந்தது, முகத்தை மறைக்கவில்லை.

"ஜெர்மேன்தான். சந்தேகமே இல்ல," என்றார்.

நாலு வடை மிச்சம்.

ஜனவரி 16, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தில் இருப்பது நான்.

எழுதிய பிறகும் ஒன்றும் ஆகவில்லை. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

டைப்பிங் வகுப்புக்கு நான் போனது மொத்தம் ஆறு நாள். ஏழாம் நாள் பெரிய மார்க்கெட் வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பூக்காரியோடு கைச்சாடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சு வாயில் துருதுருத்தது, நடுவே புகுந்து பேசிவிட்டேன். பூ வாங்கி முடித்ததும் என் முகத்தையே பார்த்தார். பத்து நிமிஷம் வந்து உட்கார முடியுமா என்றார். சுஃப்ரேன் வீதியில் அவர் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் மூன்று மாதம் ஆயிற்று. வீட்டைப் பொறுத்தவரை நான் டைப்பிங் வகுப்பில் இருந்தேன். இதைச் சொன்னதும் மதாம் ஒதேத் மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு என் பெயரே தாக்திலோதான், படத்துக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அவர் வேலை செய்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். வெளுப்பாக, வழவழவென்று ஒரு பெரிய கல். அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கறுப்புக் கட்டியால் நேராக வரைவார். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடு இருக்கிற இடத்தில் மட்டும் மை பிடிக்கும். அதன்மேல் தாளைக் கவிழ்த்து எந்திரத்தில் கொடுத்து அழுத்தினால் படம். கவிழ்த்து எடுப்பதால் எல்லாம் இடம்வலமாக மாறிவிடும். என் இடது தோள் முந்தானை வலது தோளுக்குப் போனதும், இடது கண்ணுக்குக் கீழே இருக்கிற என் மச்சம் வலது கண்ணுக்குக் கீழே போனதும் இதனால்தான். கலகமும் இல்லை, மரபை மறுதலிக்கவும் இல்லை. அன்றைக்குக் கட்டியிருந்தது மாமியார் கழித்துக் கொடுத்த பூனம் புடவை.

அலறலும் இல்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் சாயந்தரம் ஜெபமாலை சொல்வார். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில், கண்ணைத் திறக்காமலே, "வறுத்த மீனு எட்டுத் துண்டு இருந்துச்சே, ஏழுதான இருக்கு" என்பார். மாதாவிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாது. அதை மதாமுக்குச் செய்து காட்டினேன். காட்டிவிட்டு நானே சிரித்தேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மதாம் கட்டியை எடுத்து அறைந்த மாதிரி வரைந்தார்.

பத்துப் பிரதி எடுத்தார். பிறகு அடுத்த படத்துக்காகக் கல்லில் மணலைப் போட்டுத் தேய்த்தார். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். என் முகம் சாம்பல் நிறத் தண்ணீராகிச் சாக்கடையில் போனது. ஒரு பிரதி உனக்கு என்றார். வேண்டாம் என்றேன். எங்கே கொண்டுபோய் வைப்பது? மாமியார் திறந்து பார்க்காத பெட்டி அப்போது இந்த வீட்டில் கிடையாது.

இப்போது எனக்கு வேண்டும். வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், அந்தப் படம் எனக்கு வேண்டும். அது ஜெர்மேன் வீட்டுச் சோபாவுக்கு மேலே தொங்கப் போகிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சொல்லிவிடலாம். சொன்னால் மூன்று மாதம் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, அறுபத்தேழு வயதில் யார் என்னை அடிக்கப் போகிறார்கள். அவரே கண்டுபிடிக்கட்டும் என்று இருக்கிறேன். இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. அரை அடி வேலியைக் கண்டுபிடிக்கிறவர்தானே.

ஜனவரி 19, வெள்ளி

சர்க்கரை டப்பாவில் எறும்பு. வெயிலில் வைத்தேன்.

ஜெர்மேனின் ஞாபகசக்தி நாளுக்கு நாள் கூடுகிறது. திங்கட்கிழமை, அந்தப் பிரெஞ்சுக்காரி பால்கனியிலிருந்து தனக்குத் தெரியாமல் பார்த்து வரைந்திருப்பாள் என்றாள். புதன்கிழமை, ஒரு தடவை கூப்பிட்ட மாதிரி ஞாபகம் என்றாள். இன்று பாரீசிலிருக்கும் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலுல விழாத குறையாக் கேட்டாடி. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, போனாப் போவுதுன்னு உக்காந்தேன்."

"முந்தானை ஏன் அந்தப் பக்கம் இருக்கு?" என்று நான் கேட்டேன், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

"அப்ப எனக்கு வடநாட்டு ஸ்டைல்தான் புடிக்கும், அண்ணி. ஒங்களுக்கு ஸ்டைல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது."

ஜனவரி 23, செவ்வாய்

இன்று வேண்டுமென்றே முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு அவருக்குக் காபி கொண்டுபோனேன். பக்கத்திலேயே நின்றேன். போனில் படம் திறந்தே இருந்தது.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பொடவையத் திருப்பிக் கட்டியிருக்க பாரு," என்றார். "ஏ எஸ் டி எஃப்."

ஜனவரி 24, புதன்

கேஸ் வந்தது.

ஜனவரி 27, சனி

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த மாதிரிச் சிரித்துப் பார்த்தேன். தலையைச் சாய்த்தேன், கண்ணை இடுக்கினேன், வாயைத் திறந்தேன். பல் டாக்டரிடம் போன மாதிரி இருந்தது. சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெளியே வந்தபோது ஒன்று தோன்றியது. போனில் பார்த்த உடனே எனக்கு மட்டும் எப்படி அடையாளம் தெரிந்தது? என் முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் இடம்வலம் மாறித்தானே தெரியும். அந்தப் படம் எனக்குத் தெரிந்த என் முகம். மற்றவர்களுக்குத் தெரிந்த என் முகம் அதற்கு நேர்மாறு. அவர் மேல் பிழையில்லை. முகம் திரும்பிக் கிடந்தால் பாவம் அவர் என்ன செய்வார்? படத்தைக் கண்ணாடியில் காட்டிவிட்டால் நொடியில் சொல்லிவிடுவார்.

மனசு லேசாகிவிட்டது. மாலையில் அவருக்குப் பிடித்த மாதிரிப் புளி கொஞ்சம் தூக்கலாக மீன் குழம்பு வைத்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

விழாவில் அவர் இரண்டு நிமிஷம் பேசப் போகிறார். 'பிரான்ஸ் கண்டெடுத்த என் தங்கையின் முகம்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"தப்பு இருந்தா திருத்திக் குடு, லெயோனி. ஒனக்குத்தான் கான்வென்ட் பிரெஞ்சு."

பதினொரு தப்பு. எல்லாவற்றையும் திருத்தினேன். தங்கை என்ற சொல்லுக்கு மட்டும் எழுத்து சரியாகத்தான் இருந்தது, அதில் கை வைக்க வழியில்லை.

ஜெர்மேன் பட்டுப்புடவை வாங்கியிருக்கிறாள். வலது தோளில் போட்டுப் பழகுகிறாள். இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

அவருடைய சட்டை, பேன்ட் இஸ்திரி போட்டேன். கொல்லைப்புறத்தில் ஆணியில் தொங்குகிற அவருடைய சவரக் கண்ணாடியைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தேன். சோப்பு நுரை ஓரத்தில் காய்ந்து கிடந்தது, நகத்தால் சுரண்டினேன்.

பிப்ரவரி 10, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு விழா. நாங்கள் நாலரைக்கே போய்விட்டோம். படம் சுவரின் நடுவில் மாட்டியிருந்தது. போனில் பார்த்ததைவிட எத்தனையோ பெரிது. கிட்டே போனால் கட்டி ஒடிந்த இடம்கூடத் தெரிந்தது. ஒடிந்ததும் மதாம் திட்டினாரே, அது காதில் கேட்டது. கீழே அட்டையில் 'தட்டச்சுக்காரி, 1979. மாதிரி: மதாம் ஜெர்மேன்' என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

ஜெர்மேன் அதன் பக்கத்தில் நின்று யார் யார் போனுக்கோ முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நகர்ந்ததும் அவரைத் தனியாகப் படத்துக்கு முன்னால் அழைத்துப் போனேன்.

"என்னங்க, இதப் புடிங்க."

"சவரக் கண்ணாடி இங்க எதுக்கு?"

"படத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. தோளுக்கு மேல தூக்கிப் புடிச்சு அதுல படத்தப் பாருங்க."

இந்த வயதில் விளையாட்டா என்று முனகினார். ஆனாலும் பிடித்தார். கண்ணாடிக்குள் முந்தானை இடது தோளுக்கு வந்தது, மச்சம் இடது கண்ணுக்குக் கீழே வந்தது. நாற்பத்தைந்து வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம், நேராக, அப்படியே.

"இப்ப ஜெர்மேன் மச்சம் எடது பக்கம் போயிடுச்சே," என்றார். "வேணாம் லெயோனி, கொழம்பிடும். பை உள்ள வையி."

கண்ணாடியை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவருக்காக நான் கண்டுபிடித்து வைத்திருந்த சாக்கும் அதோடு தீர்ந்தது. முகம் திரும்பிக் கிடந்ததால் தெரியாமல் போகவில்லை. மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்றிருந்தது.

பேராசிரியர் வலது தோளைப் பற்றி முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். என் கணவர் இரண்டு நிமிஷம் பேசினார், தப்பில்லாத பிரெஞ்சு. பிறகு கோரலி எழுந்தாள். ஐம்பது தாண்டியவள், குட்டையான நரை முடி, அம்மாவைப் போலவே அகலமான கை. துணியில் சுற்றிய படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெர்மேனிடம் போனாள்.

"அம்மா உங்களைப் பற்றிச் சாகும்வரை பேசினார்," என்று பிரெஞ்சில் சொன்னாள். "ஒன்றே ஒன்று அவருக்குச் சரியாகச் செய்து காட்ட வரவில்லை. ஜெபமாலையும் மீன் துண்டும். எத்தனை தடவை செய்தாலும், அவள் செய்த மாதிரி இல்லை என்பார். ஒருமுறை செய்து காட்டுங்கள், மதாம். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

ஜெர்மேன் விழித்தாள். "ஜெபமாலை..." என்றாள். "மீனா?"

பேராசிரியர் பக்கத்தில் குனிந்தார். "வேதனையின் குறியீடு, மதாம். வேதனையைச் சொல்லுங்க."

"ஆமாம்," என்றாள் ஜெர்மேன் பிரெஞ்சில். "மிகுந்த வேதனை. நான் அன்று அழுதேன்."

"அழுதீர்களா?" கோரலி படத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்படி ஒரு சிரிப்பை வேறெங்கும் கேட்டதில்லை என்றாரே அம்மா."

ஜெர்மேன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உதட்டைச் சப்பிக்கொண்டு, கை விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு நின்றாள். என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். மாமியார்தான் அது. ஒரு துண்டு மீன் குறைந்துபோன மாமியார், பட்டுப்புடவை கட்டி, முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறார்.

எனக்கு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து வந்தது. வாயைப் பொத்தினேன், விரலிடுக்கில் பீறிட்டது. தலை பின்னால் சாய்ந்தது, கண்ணில் நீர் வந்தது, பக்கத்து நாற்காலிக்காரம்மா எழுந்து நகர்ந்துவிட்டார். நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் எனக்கு ஆசையில்லை. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலில் என்னைப் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி என்னை.

கோரலி மேடையைவிட்டு இறங்கி வந்தாள். என் இடது கன்னத்தைப் பார்த்தாள்.

"கல்," என்றாள். "கல்லில் எல்லாம் திரும்பும். எனக்கே தோன்றவில்லையே." பிறகு குனிந்து, மெதுவாகக் கேட்டாள். "மீன் எத்தனை துண்டு?"

நான் கண்ணை மூடி, இல்லாத ஜெபமாலையை உருட்டினேன். மாமியார் குரல் தானாக வந்தது.

"வறுத்த மீனு எட்டுத் துண்டு இருந்துச்சே. ஏழுதான இருக்கு."

கூடத்தில் மற்றவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. அந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்ட இரண்டு பேர் மட்டும் மேடையில் ஆடாமல் நின்றார்கள். அதில் ஒருத்தி முந்தானையை மெல்ல இடது தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது படம் என் மடியில் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போது அவர் கேட்டார்.

"அப்ப டைப்பிங் கிளாஸ்?"

"பரிச்சைக்கே நான் போவலங்க."

கேட் திறந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தோம். ஜெர்மேனுக்குத் தலைவலி, மாடியைவிட்டு இறங்கவில்லை. தான்தான் என்று தான் சொல்லவே இல்லையாம், பேராசிரியர்தான் சொன்னாராம். கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். பேராசிரியரும் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டார். அலறல் இல்லையாம், காலனியச் சிரிப்பாம். வலது தோளைப் பற்றி ஒன்றும் காணோம். புது அட்டையில் என் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறது என்று கோரலி போன் பண்ணினாள்.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே பேங்க் காலண்டர் தொங்கிய ஆணியில் படத்தை மாட்டினேன். ஸ்டூலை அவர்தான் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது ஆணிப் பெட்டி கவிழ்ந்து கூடம் முழுக்கச் சிதறியது. வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் குனிந்து ஆணிகளைப் பொறுக்கினார்.

காலையில் கண்ணாடி இல்லாமலே சவரம் செய்திருக்கிறார். கண்ணாடி என் பையில்தான் இருக்கிறது, அவர் கேட்கவில்லை. தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு.

மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகும் கை காயக் காய உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அளவு எடுப்பவர்போலத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நீ இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லியே, லெயோனி."

"நீங்கதான் டைப்பிங் கிளாசுக்கு வரவே இல்லியே," என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.